புள்ளலூரின் இரு தூண்கள்

போரில் மாண்டவர்க்குக் கல் நடுவது தமிழர்க்குப் பழைய வழக்கம். ஊரின் ஆநிரையை மீட்கச் சென்று திரும்பாத வீரனுக்கு ஊரார் கூடிக் கல்லெடுத்தனர்; அதில் அவன் உருவத்தைச் செதுக்கினர்; பெயரையும் அவன் இறந்த விதத்தையும் பொறித்தனர். செங்கம் வட்டாரத்தில் கிடைத்துள்ள நடுகற்கள் இதற்குச் சான்று. பிற்காலத்தில் கல்லுக்குப் பதில் வெண்கலச் சிலைகளும், நாற்சந்தித் தூண்களும், பூங்காவின் நடுவே பீடமும் வந்தன. வடிவம் மாறியதே தவிர நோக்கம் மாறவில்லை. ‘இவனை மறந்துவிடாதீர்கள்’ என்று வாழ்வோரிடம் விடுக்கும் வேண்டுகோளே ஒவ்வொரு போர் நினைவுச் சின்னமும்.

ஆனால் ‘இவனை’ என்று ஒருவனைச் சுட்டும்போதே மற்றவர்களைச் சுட்டாமல் விடுகிறோம். யாரை நினைத்தோம், யாரை நினையாது விட்டோம் என்னும் வினாவை நினைவுச் சின்னங்களின் முன் நின்று நாம் கேட்பதில்லை. அந்த வினாவைக் கேட்பதற்குப் பொருத்தமான இடம் ஒன்று நம் காஞ்சிக்கு அருகிலேயே உண்டு. சின்ன காஞ்சிபுரத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புள்ளலூர் என்னும் சிற்றூரே அது. வயல்வெளியை ஒட்டி, உச்சி கூம்பிய இரண்டு தூண்கள் அங்கே நிற்கின்றன. ஆங்கில வரலாற்று நூல்கள் ‘பொள்ளிலூர்’ எனக் குறிப்பது இவ்வூரைத்தான்.

முதற்போரும் ஒரு நாயின் பெயரும்

தூண்கள் எழுவதற்குப் பதினொரு நூற்றாண்டுகளுக்கு முன்பே புள்ளலூர் போரைக் கண்டுவிட்டது. கி.பி. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாதாபிச் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி காஞ்சியை நோக்கிப் படையெடுத்து வந்தான். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் புள்ளலூரில் தன் தலையாய பகைவரை அழித்தான் என்று, ஒரு நூற்றாண்டுக்குப் பின் வெளியிடப்பட்ட காசக்குடிச் செப்பேடு பெருமை கொள்கிறது. புலிகேசியின் அவைப்புலவர் இரவிகீர்த்தி 634-ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய ஐஹொளெக் கல்வெட்டோ, பல்லவன் காஞ்சியின் மதிலுக்குப் பின்னே ஒளிந்துகொண்டான் என்கிறது. இரு தரப்பும் வென்றதாகக் கூறிக்கொண்டன. செம்பிலும் கல்லிலும் எழுதப்பட்டுவிட்டதால் இரண்டு பெருமிதமும் அழியாமல் நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அந்நாளில் புள்ளலூர்ப் புழுதியில் விழுந்த காலாட்களில் ஒருவனது பெயர்கூட அவற்றில் இல்லை.

அதே மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில், இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் எழுந்தது. எருமைகளைக் காக்கும் முயற்சியில் இறந்த கருந்தேவக்கத்தி என்னும் எளியவனுக்கு அவ்வூரார் எடுத்த கல் அது. அவன் அருகே ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் ‘கோவிவன்’ என்றும் அக்கல் தெரிவிக்கிறது.

வாசகர்கள் இங்கே சற்று நின்று எண்ண வேண்டும். பேரரசனின் செப்பேடு ஒரு படைவீரனின் பெயரையும் நினைவில் வைக்கவில்லை. சிற்றூரின் கல்லோ ஒரு நாயின் பெயரையும் மறக்கவில்லை. நினைவுச் சின்னத்தின் தரம் அதன் உயரத்தைப் பொறுத்ததன்று. அதை எடுத்தவர்கள் இறந்தவனை நேரில் அறிந்தவர்களா, அவனால் புகழ் பெற்றவர்களா என்பதைப் பொறுத்தது.

1780 செப்டம்பர் 10

இனி இரண்டாம் போருக்கு வருவோம். மைசூரை ஆண்ட ஐதர் அலி 1780-ஆம் ஆண்டு ஜூலையில் பெரும்படையுடன் மலைக்கணவாய்களைக் கடந்து கர்நாடகச் சமவெளியில் இறங்கினார். 1769-இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, மராத்தியர் தம்மைத் தாக்கியபோது உதவிக்கு வராத கிழக்கிந்தியக் கும்பெனியின் மீது அவருக்குத் தீராச் சினம் இருந்தது. 1779-இல் கும்பெனியார் மாகியைக் கைப்பற்றியது அச்சினத்தை முற்ற வைத்தது.

சென்னையிலிருந்து புறப்பட்ட தளபதி சர் ஹெக்டர் மன்றோ ஆகஸ்டு இறுதியில் காஞ்சிபுரத்தில் பாளையம் இறங்கினார். குண்டூர்ப் பக்கமிருந்து கர்னல் வில்லியம் பெய்லி தம் படையுடன் வந்து அவரோடு சேர வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் கொற்றலையாற்று வெள்ளம் பெய்லியைப் பல நாள் வடகரையிலேயே நிறுத்திவிட்டது. அந்தத் தாமதத்துக்குள் திப்பு சுல்தானின் குதிரைப்படை அவரை எட்டிவிட்டது. செப்டம்பர் 6-ஆம் நாள் பெரம்பாக்கம் அருகே சண்டை மூண்டது. மன்றோ அனுப்பிய ஆயிரம் பேர் கொண்ட துணைப்படை வந்து சேர, பெய்லியிடம் ஏறத்தாழ 3,800 பேர் இருந்தனர். செப்டம்பர் 9-ஆம் நாள் இரவு அவர்கள் காஞ்சியை நோக்கி நடந்தனர். வழியில் இரவைக் கழிக்க நின்றனர். அந்த நிற்றலே அவர்களுக்கு முடிவாயிற்று.

மறுநாள் விடியலில் ஐதரின் முழுப்படையும் புள்ளலூரில் அவர்களைச் சூழ்ந்தது. மைசூர்ப் படையின் இரும்புக் குழாய் ராக்கெட்டுகளும் பீரங்கிகளும் நாற்புறமிருந்தும் முழங்கின. கும்பெனிப் படையின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. நண்பகலுக்கு முன் எல்லாம் முடிந்துவிட்டது. பெய்லி சிறைப்பட்டுச் சீரங்கப்பட்டினம் கொண்டுசெல்லப்பட்டு, 1782 நவம்பரில் அங்கேயே சிறையில் இறந்தார். பீரங்கி ஒலி கேட்கும் தொலைவில் இருந்த மன்றோ, உதவி செய்ய இயலாமல் காஞ்சிக்குத் திரும்பினார். கனத்த பீரங்கிகளைக் காஞ்சியின் குளமொன்றில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியே பின்வாங்கினார். பக்சாரில் 1764-இல் வென்று புகழ்பெற்ற அதே தளபதிதான் இவர். இந்திய மண்ணில் ஆங்கிலேயர் அதுவரை கண்டிராத பெருந்தோல்வி இது.

தூண்களில் உள்ள இரு பெயர்கள்

ஓராண்டு கழிந்து, 1781 ஆகஸ்டு 27-ஆம் நாள், அதே புள்ளலூரில் மீண்டும் ஒரு போர். பரங்கிப்பேட்டையில் ஜூலை 1-ஆம் நாள் வென்ற சர் அயர் கூட் கும்பெனிப் படையை நடத்திவந்தார். முன்னாண்டு தமக்கு வெற்றி தந்த நிலம் என்பதால் ஐதர் இவ்விடத்தையே மீண்டும் தேர்ந்துகொண்டார் என்பர். முன்னாண்டு மடிந்தவர்களின் எலும்புகள் அப்போதும் அடக்கம் செய்யப்படாமல் வயல்வெளியில் கிடந்தன என்று, கூட்டுடன் வந்த படையதிகாரிகள் எழுதிவைத்துள்ளனர். அந்த எலும்புகளின் மேலேயே மறுபடியும் போர் நடந்தது. மாலையில் ஐதர் பின்வாங்கினார்; ஆயினும் முடிவான வெற்றி எத்தரப்புக்கும் இல்லை. கும்பெனித் தரப்பில் மாண்டோரும் காயமுற்றோருமாக ஏறத்தாழ 400 பேர். தளபதி ஸ்டூவர்ட் ஒரு காலை இழந்தார். லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் பிரவுனும், கூட்டின் மெய்க்காப்பு அதிகாரியாகிய கேப்டன் ஜேம்ஸ் ஹிஸ்லப்பும் உயிரிழந்தனர்.

இவ்விருவருக்கே அத்தூண்கள் எழுப்பப்பட்டன. இன்று அவை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன.

இத்தூண்களைக் கண்டு கசப்புக் கொள்வது எளிது. ஆனால் அவை வெற்றியைக் கொண்டாடவில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். அவை துக்கத்தின் கற்கள். ஜேம்ஸ் ஹிஸ்லப்பின் தந்தையும் படைவீரரே. அவருடைய பிள்ளைகளில் ஜேம்ஸ் இங்கே மாண்டார். வில்லியம் என்னும் இன்னொரு மகன் 1783-இல் மேற்குக் கடற்கரையின் குந்தாபுரத்தில் மாண்டார். மூன்றாம் மகன் தாமஸ் பின்னாளில் சென்னைப் படையின் தலைமைத் தளபதியாகவே இந்நாட்டுக்கு வந்தார். ஈராண்டுக்குள் இரு பிள்ளைகளை தொலைவிலுள்ள ஒரு நாட்டு மண்ணுக்குக் கொடுத்த குடும்பத்தின் துயரம் உண்மையான துயரமே. அதற்கு நாம் மதிப்பளிக்கத்தான் வேண்டும். சாவின் முன் பகைவன் என்றும் நண்பன் என்றும் இல்லை.

ஆயினும் வினா எஞ்சி நிற்கிறது. கூட்டின் படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்களே. ஓராண்டுக்கு முன் பெய்லியுடன் மடிந்தவர்களிலும் அவர்களே மிகுதி. தெலுங்கும் தமிழும் இந்துஸ்தானியும் பேசிய உழவர் குடி மக்கள், மாதச் சம்பளத்துக்காகச் செஞ்சட்டை அணிந்தவர்கள் அவர்கள். எதிர்ப்புறம் ஐதரின் கொடியின் கீழ் நின்றவர்களும் இந்நாட்டவர்களே. ஒருபுறம் கூலி, மறுபுறம் கூலி. நடுவே ஊரின் நெல்வயல். அவர்களுக்கும் தாய்மார் இருந்தனர். அத்தாய்மாருக்கும் கண்ணீர் இருந்தது. கல் மட்டும் இல்லை.

சுவரில் தீட்டிய வெற்றி

தோற்றவர் தூண் நட்டனர் என்றால் வென்றவர் ஓவியம் தீட்டினர். சீரங்கப்பட்டினத்தில் 1784-இல் திப்பு சுல்தான் கட்டிய தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரில் புள்ளலூர் வெற்றி மாபெரும் ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளது. காயமுற்றுப் பல்லக்கில் அமர்ந்த பெய்லி, திகைப்பில் விரலைக் கடித்தபடி காட்சி தருகிறார். வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதறுகிறது. யானைமேல் ஐதரும், மலரை முகர்ந்தபடி குதிரைமேல் திப்புவும் அமைதியாக முன்னேறுகின்றனர்.

இவ்வோவியம் பட்ட பாடும் ஒரு வரலாறே. 1792 முற்றுகைக்கு முன் அதன்மேல் வெள்ளையடிக்கப்பட்டது. திப்பு 1799-இல் வீழ்ந்த பின் அம்மாளிகையில் தங்கிய ஆர்தர் வெல்லெஸ்லி, தம் நாட்டாரின் தோல்வியைக் காட்டும் அந்த ஓவியத்தை மீண்டும் தீட்டச் செய்தார். 1854-இல் டல்ஹௌசி பிரபுவின் ஆணையால் அது மறுபடியும் புதுப்பிக்கப்பட்டது. இதே காட்சியின் தாள் ஓவியம் ஒன்று 2022-இல் இலண்டன் ஏலத்தில் 6 இலட்சத்து 30 ஆயிரம் பவுண்டுக்கு விலைபோயிற்று. 

அச்சுவரிலும் சிப்பாய்கள் இருக்கின்றனர். வரிசை வரிசையாக, செஞ்சட்டையுடன், ஏறக்குறைய ஒரே முகத்துடன் நிற்கின்றனர். தளபதிகளுக்கு மட்டுமே தனி முகம். தூணில் பெயர் கிட்டாதவனுக்குச் சுவரில் முகமும் கிட்டவில்லை.

எண்ணிக்கையாக மட்டும் எஞ்சியவர்கள்

இது புள்ளலூருக்கு மட்டும் உரிய குறையன்று. முதல் உலகப் போர் முடிந்தபின் அன்றைய சென்னை மாகாணம் உள்ளிட்ட இந்தியாவின் ஊர்கள் பலவற்றில் சிறிய கற்பலகைகள் பதிக்கப்பட்டன. இவ்வூரிலிருந்து இத்தனை பேர் 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்குச் சென்றனர், அவர்களுள் இத்தனை பேர் உயிர் துறந்தனர் என்ற செய்தியே அவற்றில் இருக்கும். எத்தனை பேர் என்பது தெரியும். யார் யார் என்பது தெரியாது. மெசபொத்தேமியப் பாலையிலும் பிரான்சின் சேற்றிலும் மாண்டவன் தன் சொந்த ஊரிலேயே ஓர் எண்ணாகிவிட்டான்.

உலகப் போர்களில் இறந்த படையினரின் கல்லறைகளைப் பேணும் காமன்வெல்த் அமைப்பு 1917-இல் தோன்றியபோது உயர்ந்ததொரு கொள்கையை வகுத்துக்கொண்டது. பதவி, இனம், சமயம் பாராமல் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பெயர் பொறிக்க வேண்டும் என்பதே அது. சென்னை நந்தம்பாக்கத்திலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் அக்கொள்கையின் அழகை நாம் காணலாம். தளபதிக்கும் சமையற்காரனுக்கும் ஒரே அளவுக் கல். ஆனால் அதே அமைப்பு 2021 ஏப்ரலில் வெளியிட்ட ஆய்வறிக்கை, அக்கொள்கை எல்லாருக்கும் நிறைவேற்றப்படவில்லை என்று ஒப்புக்கொண்டது. முதல் உலகப் போரில் மாண்ட இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் முதலியோரில் 45,000 முதல் 54,000 பேர்வரை பிறருக்கு நிகராக நினைவுகூரப்படவில்லை. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயராலோ வேறெவ்வகையிலோ நினைவுகூரப்படவே இல்லை என்பது அதன் முடிவு. அந்த அமைப்பு அதற்காக மன்னிப்பும் கோரியது. நூறாண்டு கழிந்தாவது பெயர்களைத் தேடத் தொடங்கியது நல்ல செய்தி.

நம் நாடும் இதைச் செய்திருக்கிறது. 2019 பிப்ரவரி 25-ஆம் நாள் புதுதில்லியில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடத்தில், விடுதலைக்குப் பின் நாட்டுக்காக உயிர்நீத்த 25,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஜெனரலின் பெயரும் ஜவானின் பெயரும் அங்கே ஒரே வகைக் கல்லில்தான் உள்ளன.

அகற்றுவதா, சேர்ப்பதா?

பழைய சின்னங்களை என்ன செய்வது என்னும் வினா இன்று உலகெங்கும் எழுந்துள்ளது. சென்னை அதை நெடுநாளைக்கு முன்பே சந்தித்துவிட்டது. 1857 எழுச்சியின்போது அலகாபாத்திலும் கான்பூரிலும் விசாரணையின்றிப் பலரைத் தூக்கிலிட்ட தளபதி ஜேம்ஸ் நீல், சென்னைப் படையைச் சேர்ந்தவர். இலக்னோவில் அவர் மாண்டபின் அவருக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் வெண்கலச் சிலை எழுப்பப்பட்டது. கொடுமை செய்தவரைப் பொதுவீதியில் வீரரென நிறுத்துவதா எனத் தமிழகத் தொண்டர்கள் 1927-இல் அறப்போர் தொடங்கினர். பலர் சிறை சென்றனர். 1937-இல் இராஜாஜி அமைச்சரவைக் காலத்தில் சிலை அகற்றப்பட்டு எழும்பூர் அருங்காட்சியகம் சேர்ந்தது. அது உடைக்கப்படவில்லை, மாலை பெறும் இடத்திலிருந்து பாடம் பெறும் இடத்துக்கு மாற்றப்பட்டது. அது நேரிய தீர்வு என்றே தோன்றுகிறது.

புதுச்சேரிக் கடற்கரையில் வேறு வகைச் சிலை உண்டு. முதல் உலகப் போரில் பிரான்சுக்காக மாண்ட பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக 1938-இல் எழுப்பப்பட்ட நினைவிடம் அது. தூண்களின் முன் நிற்கும் வீரன் தலையைத் தாழ்த்தி நிற்கிறான். வாளை உயர்த்திய சிலைகளையே கண்டு பழகிய கண்களுக்கு அந்தத் தாழ்ந்த தலை ஒரு செய்தி சொல்கிறது. போரில் வென்றவன்கூடத் தோழனைப் புதைத்துவிட்டுத்தான் வீடு திரும்புகிறான்.

புள்ளலூர்த் தூண்கள் நீல் சிலையைப் போன்றவை அல்ல. எனவே அவற்றை அகற்ற வேண்டியதில்லை. அவை பொய் சொல்லவில்லை. பாதி உண்மையைச் சொல்கின்றன. மீதிப் பாதியை நாம் சேர்க்க வேண்டும். வேலூரில் 1806 ஜூலை 10-இல் கிளர்ந்தெழுந்து மடிந்த சிப்பாய்களுக்கு, நெடுங்காலம் கழித்தேனும் நகரின் நடுவே நினைவுத்தூண் எழுப்பியிருக்கிறோம் அல்லவா? புள்ளலூரிலும் அந்த இரண்டு தூண்களின் அருகே, தமிழில், ஒரு மூன்றாம் கல் நிற்கலாம். இரு படையிலும் மாண்ட, பெயர் தெரியாத இந்நாட்டவர் அனைவருக்கும் என்ற அளவில் அது அமைந்தால் போதும்.

கஞ்சித்தொட்டி

ஆனால் அந்த மூன்றாம் கல்லும் எல்லாரையும் உள்ளடக்கிவிடாது. போரில் மாண்டவர்கள் படைவீரர் மட்டுமல்லர். ஐதரின் குதிரைப்படை சென்னைக்கு வரும் உணவு வழிகளை அடைத்தது; ஊர்கள் எரிந்தன; ஏரிகள் பாழாயின; கால்நடைகள் ஓட்டிச் செல்லப்பட்டன. நெசவூர்கள் பலவற்றில் தறிகள் நின்றன. நெய்தவர்கள் குழந்தைகளைத் தோளில் சுமந்து பாதுகாப்பான இடம் தேடி ஓடினர். போரைத் தொடர்ந்து 1781, 1782-ஆம் ஆண்டுகளில் கொடிய பஞ்சம் வந்தது. சென்னையின் வாயிலிலிருந்து தஞ்சையின் வாயில்வரை பரவிய அந்த அழிவை, எட்மண்ட் பர்க் 1785 பிப்ரவரியில் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் விரிவாக எடுத்துரைத்தார். அதில் ஐதரின் சினத்தை மட்டுமன்று, அச்சினத்தைத் தூண்டிவிட்ட கும்பெனியாரின் பேராசையையும் ஆற்காட்டு நவாபின் கடன்களையும் அவர் குற்றஞ்சாட்டினார்.

பசித்தவர்கள் சென்னையை நோக்கி வந்தனர். அவர்களுக்காக 1782-இல் வடசென்னையில் கஞ்சி ஊற்றும் சத்திரம் ஒன்று எழுந்தது. ‘மணியக்காரர் சத்திரம்’ என்று அதற்குப் பெயர். ஆங்கிலேயர் வாயில் அது ‘மானிகர் சௌல்ட்ரி’ ஆயிற்று. பசியோடு வந்தவர்கள் நோயோடும் வந்தனர். எனவே 1799-இல் ஜான் அண்டர்வுட் என்னும் மருத்துவர் அங்கே மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். கஞ்சி ஊற்றிய தொட்டியின் நினைவாக மக்கள் அதைக் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே அழைத்தனர். அதுவே வளர்ந்து ஸ்டான்லி மருத்துவமனை ஆயிற்று. 1938-இல், முன்னாள் ஆளுநர் ஒருவரின் பெயரால் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியும் ஆயிற்று. இன்றும் நாள்தோறும் ஆயிரக்கணக்கான ஏழைகள் அவ்வாயிலில் நுழைகின்றனர்.

இதுவும் அந்தப் போரின் நினைவுச் சின்னமே. யாரும் அப்படி எண்ணிக் கட்டவில்லை. எவர் பெயரும் பொறித்து நிறுத்தவில்லை. ஆனால் தூண்கள் மறந்தவர்களை, ஓவியம் தீட்டாதவர்களை, இந்தக் கஞ்சித்தொட்டி நினைவில் வைத்தது. வீரனின் சாவைக் கல் நினைவுகூர்கிறது. பசித்தவனின் சாவைச் சோறு நினைவுகூர்கிறது. இரண்டிலும் எது இறந்தோர்க்கு உகந்தது என்று கேட்டால், நற்செய்தியைக் கேட்டு வளர்ந்த நமக்கு விடை சொல்லத் தயக்கம் இருக்க முடியாது.

காஞ்சி தரும் இரு சான்றுகள்

போரை வேறு விதமாக நினைவுகூரும் மரபு நம் காஞ்சிக்குப் புதிதன்று. எட்டாம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை வென்று உள்ளே நுழைந்தான். முன்னோரின் தோல்விகளுக்குப் பழிதீர்க்க வந்தவன் அவன். ஆனால் கைலாசநாதர் கோவிலில் அவன் வெட்டுவித்த கன்னடக் கல்வெட்டு கொள்ளையைப் பேசவில்லை. கோவிலின் செல்வத்தைக் கண்டு, அதை எடுத்துச் செல்லாமல், கோவிலுக்கே திருப்பி அளித்தான் என்று பேசுகிறது. வென்றவன் தன் பெருமையாக எதை எழுதிவைத்தான் என்று பாருங்கள்! எடுத்ததை அன்று, எடுக்காமல் விட்டதை.

இரண்டாம் சான்று சின்ன காஞ்சிபுரத்திலேயே இருக்கிறது. 1688-இல் முகலாயப் படையெடுப்புக்கு அஞ்சி, வரதராசப் பெருமாள் கோவிலின் உற்சவத் திருமேனி உடையார்பாளையத்துக்கு மறைவாகக் கொண்டுசெல்லப்பட்டது. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து 1710-இல் அது திரும்பி வந்தது. அச்செய்தியைக் கூறும் கல்வெட்டு அக்கோவிலில் இன்றும் உள்ளது. போர் ஓய்ந்து, அஞ்சி ஓடியவர்கள் வீடு திரும்பிய நாளின் நினைவுச் சின்னம் என்று அதைச் சொல்லலாம். யார் யாரைக் கொன்றார் என்று அது கூறவில்லை. இழந்தது திரும்ப வந்தது என்று மகிழ்கிறது. நம் அண்டை வீட்டாரின் இந்த மகிழ்ச்சி நம் ஊரின் பொதுச்செல்வம்.

நம் பங்கு

போரில் மாண்ட தம் வீரர்களுக்காக யூதா மக்கபே காணிக்கை திரட்டி எருசலேமுக்குப் பலியொப்புக்கொடுக்க அனுப்பிய நிகழ்ச்சியை நாம் அறிவோம். அவ்வீரர்கள் குற்றமற்றவர்கள் அல்லர். சிலைகளின் தாயத்துகளை ஆடைக்குள் மறைத்து வைத்திருந்தவர்கள். இருந்தும் அவர்களுக்காக அவர் மன்றாடினார். திருச்சபை நவம்பர் 2-ஆம் நாளை இறந்தோர் அனைவரின் நினைவு நாளாகக் கொண்டாடுவதன் பொருளும் இதுவே. ‘அனைவர்’ என்ற அந்தச் சொல்லில் பிரவுனும் ஹிஸ்லப்பும் உண்டு. அவர்களோடு விழுந்த சிப்பாயும், அவர்களை எதிர்த்து விழுந்த மைசூர்க் குதிரைவீரனும், கஞ்சித்தொட்டியை அடையுமுன் சாலையோரம் சாய்ந்த நெசவாளப் பெண்ணும் உண்டு. பெயர்களைக் கடவுள் அறிவார்; நாம் மறவாதிருந்தால் போதும்.

நம் பள்ளி ஆசிரியர்கள் மாணவரை ஒருநாள் புள்ளலூருக்கு அழைத்துச் செல்லலாம். அத்தூண்களின் முன் அவர்களை நிறுத்தி மூன்று வினாக்களைக் கேட்கலாம். இக்கல்லில் யார் பெயர் இருக்கிறது? யார் பெயர் இல்லை? இல்லாதவர்களுக்காக இன்று நாம் என்ன செய்யலாம்? முதல் இரண்டு வினாக்களுக்கும் வரலாறு விடை சொல்லும். மூன்றாவதற்கு அப்பிள்ளைகளே விடை காணட்டும். அவர்களுள் ஒருவர் ஊர்திரும்பியதும் தம் தாத்தாவிடம் சென்று, நம் குடும்பத்தில் படைக்குப் போனவர் யார், பஞ்சத்தில் இறந்தவர் யார் என்று கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாலும், புள்ளலூரில் இரண்டு தூண்களோடு நின்றுபோன வேலை மீண்டும் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.